இருபத்து நான்காவது கதவு

என் வீட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போதே, எங்கள் பகுதியில் பாதிப் பேர் என்னிடம் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு அவர் மேல் ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

பெயர் சப்ரியான். பூட்டு மேஸ்திரி. பிளோவ்திவ் நகரில், திராக்கியா குடியிருப்பில், ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதுதான் எங்கள் கடை. முப்பத்தோரு வருடமாக அவர் உள்ளே உட்கார்ந்து சாவி வெட்டுகிறார். நான், மின்கா, பக்கத்தில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன், வருகிறவர்களோடு சண்டை போடுகிறேன், அவரோடும் போடுகிறேன்.

அவருக்கு மனிதர்களின் பெயர் மண்டையில் நிற்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முழிப்பார். ஆள் போன பிறகு, "யாருய்யா அது?" என்று கேட்டால், "எழுபத்தி நாலாம் பிளாக், அஞ்சாவது மாடி, கீழ்க்கீல் உரசுற கதவு" என்பார். அவருக்கு ஊர் என்பது கதவுகள்தான். ஒருமுறை கைவைத்த கதவை இருபது வருடம் கழித்தும் சொல்லுவார்.

ஆனால் எதையும் எழுதி வைக்க மாட்டார். தொண்ணூற்றேழில் எங்கள் ஊரில் வேறொரு மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் காணாமல் போனது. யார் வீட்டில் என்ன பூட்டு, யார் தனியாக இருக்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. ஒரே மாதத்தில் ஏழு வீடுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு இவர் தன் நோட்டை அடுப்பில் போட்டார். "திருடனுக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் தலைக்குள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தனியாக இருக்கும் வயதானவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைப் பூட்டி, சாவியை உருவாமல், உள்பக்கத் துளையிலேயே அரைத் திருகு திருகி விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து எவனும் கள்ளச்சாவி போட முடியாதாம். எவனும் என்றால், பெற்ற பிள்ளையும் முடியாது. உள்ளே விழுந்து கிடந்தால் யாரும் வர முடியாது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்க மாட்டார்கள்.

இதற்கென்றே ஒரு சிலிண்டர் உண்டு. சமையல் காஸ் சிலிண்டர் இல்லை. கதவுக்குள் குறுக்கே படுத்திருக்கும் கையடக்க உருளை, சாவி போவது அதற்குள்தான். அதன் நடுவில் ஒரு சின்ன இணைப்புத் துண்டு இருக்கும். உள்ளே சாவி தொங்கிக்கொண்டிருந்தாலும் வெளியே மகனோ மகளோ தங்கள் சாவியைப் போட்டால், அந்தத் துண்டு நகர்ந்து வழிவிடும், கதவு திறக்கும். இவர் வருடக்கணக்காக அதைத்தான் வயதானவர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே கம்பெனி, நீலப் பெட்டி, ஒரு நாளும் காலை வாரியதில்லை.

போன வருடம் செப்டம்பர் கடைசியில் புதிய சரக்கு வந்தது. ஒரு பெட்டி, இருபத்து நான்கு சிலிண்டர். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார்.

"மின்கா, இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"கனம் கம்மி. திருகாணி தலையைப் பாரு, போட்டதுமே மழுங்கிடும். சாவி ஓரம் கையைக் கிழிக்குது. உள்ள பித்தளையே இல்ல, ஏதோ மட்ட உலோக வார்ப்பு."

"கனம் பார்த்து வாங்க இது என்ன தர்பூசணியா? அதே பெட்டி, அதே நீலம், அதே முத்திரை. உனக்குப் பத்து வருஷமா எதுதான்யா சரியா இருந்திருக்கு? பேட்டரி சரியில்ல, செருப்பு சரியில்ல, தக்காளி சரியில்ல."

"தக்காளி நிஜமாவே சரியில்ல."

"பிரிச்சுப் பார்க்கிறேன்னு இன்னிக்கு உக்காராதே. எனக்கு வலி உயிர் போகுது. ஷட்டரை இறக்கு, வீட்டுக்குப் போகலாம்."

பித்தப்பையில் கல். அந்த மாதம் முழுக்க நான் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தேன். புதுப் பெட்டி வந்தால் ஒன்றையாவது கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். அந்த ஒரு தடவை தொடவில்லை. என் பேச்சைக் கேட்டு அப்படியே அலமாரியில் வைத்தார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரிடம் கத்துவதெல்லாம் கேட்கும்போது இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலுமாக இருபத்து நான்கும் இருபத்து நான்கு கதவுகளுக்குப் போயின.

பிப்ரவரியில் ஒரு காலை. அந்தச் சிலிண்டர் போட்ட வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்த ஸ்லாவ்கா டீச்சரின் மகள் போன் செய்தாள். அம்மா குளியலறையில் விழுந்து கிடக்கிறாள், முனகல் கேட்கிறது, சாவி போட்டால் கதவு திறக்கவில்லை. பைக்குள் எதைப் போட்டார் எதை விட்டார் என்று தெரியாமல் சப்ரியான் ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். வெளிச்சாவி கடைசி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போக மறுத்தது. நடுத்துண்டு நகரவில்லை. துளையிடும் இயந்திரத்தை வைத்து நான்கு நிமிடத்தில் சிலிண்டரைச் சிதைத்துத் திறந்தார். ஸ்லாவ்கா டீச்சர் ஈரத் தரையில் முந்தின நாள் மாலையிலிருந்து கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. உடம்பு மீன் மாதிரிச் சில்லென்று இருந்தது. பிழைத்துவிட்டாள், கடவுள் புண்ணியம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது மகள் இவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"திறக்கும்னு சொன்னீங்களே, மேஸ்திரி."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்றைக்கு எங்கள் சமையல் மேசையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தச் சிலிண்டரின் மிச்சத்தைப் பரப்பினார். நடுத்துண்டைத் தள்ளும் ஸ்பிரிங் தலைமுடிப் பருமனில்தான் இருந்தது. துண்டின் ஓரம் வெடித்து மாவாக உதிர்ந்தது.

"எப்ப போகும்னு சொல்ல முடியாது. ஒண்ணு அம்பது தடவையில போகும், ஒண்ணு ஐநூறு தடவையில போகும். ஆனா போகும். இருபத்தி நாலும் போகும்."

"கம்பெனிக்குப் போன் பண்ணு."

பண்ணினார். தயாரிப்பு வேறு இடத்துக்கு மாறிவிட்டது, பழுதான பொருளை ரசீதோடு தபாலில் அனுப்புங்கள், முப்பது வேலை நாளில் பதில் வரும் என்று ஒரு பெண் தேனாகப் பேசினாள். "முப்பது நாளா? அம்மா, கதவுக்குப் பின்னால ஆள் இருக்காங்க" என்றார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. காலையில் காப்பியை நின்றுகொண்டே குடித்தார். வேறு கம்பெனிச் சிலிண்டர் வாங்கினார். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி பூட்டி, இரண்டு பக்கமும் சாவி போட்டு இருநூறு தடவை திருப்பினார். சாப்பிடும்போது கிளிக். நான் போன் பேசும்போது கிளிக். பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தலைக்குள் இருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டார். காசு கேட்கவில்லை. அதுவே சந்தேகமாகிவிட்டது.

"சும்மா போட்டுத் தர்றானாம், யாருக்குத் தெரியும், சாவி ஒண்ணைத் தானே வச்சுக்குவான்" என்று ஒரு மாடியே பேசியது. நான் போய்க் கத்திவிட்டு வந்தேன். "முப்பத்தோரு வருஷமா உங்க சாவியை எல்லாம் வெட்டினவர், திருடறதுன்னா இந்நேரம் நாங்க கப்பல்ல இருப்போம், இந்தக் கண்ணாடிக் கூண்டுல இல்ல!"

ஹரலாம்பி என்று ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஸ்பெக்டர். அவர் கதவையே திறந்துவிட மறுத்தார்.

"என் பூட்டு நல்லா இருக்குய்யா. நல்ல பொருளைக் கழட்டிட்டுப் போய் வேற எவனுக்காவது விக்கப் போற. எனக்குத் தெரியாதா?"

"ஐயா, உள்ள சாவி இருக்கும்போது வெளியேர்ந்து திறக்காது."

"திறக்காதா? இப்பப் பாரு!"

மனிதர் உள்பக்கம் சாவியைத் தொங்கவிட்டு, இன்னொரு சாவியோடு செருப்புக் காலில் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைப் போட்டார், திறந்தது. மறுபடி சாத்தினார், திறந்தது. ஒவ்வொரு முறையும், "இது என்ன? இது என்ன?" என்று சப்ரியானின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினார். எட்டு தடவை திறந்தது. எனக்கே, இவர்தான் வீணாகப் பதறுகிறாரோ என்று தோன்றிவிட்டது. ஒன்பதாவது தடவை சாவி பாதியில் நின்றது. ஹரலாம்பி குத்தினார், தள்ளினார், தோளால் இடித்தார்.

"திற!" என்றார் பூட்டைப் பார்த்து. பிறகு முகம் வெளிறியது. "அடுப்புல பீன்ஸ் சட்டி இருக்கு."

சப்ரியான் துளையிடும் இயந்திரத்தை எடுத்தார். உள்ளே போனபோது சமையலறை முழுக்கப் புகை. பீன்ஸ் அடியில் கரியாகியிருந்தது. ஹரலாம்பி ஜன்னலைத் திறந்துவிட்டு, மேலாக இருந்ததை இரண்டு தட்டில் போட்டு எங்கள் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க. நானும் சாப்பிடறேன்" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அவ்வளவுதான் செய்வார். கசப்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பன்னிரண்டு நாளில் இருபத்து மூன்று கதவு முடிந்தது.

இருபத்து நான்காவது மட்டும் அவர் தலையில் இல்லை.

விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. போன் வந்த வேலையாக இருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இல்லை.

"நல்லா யோசிய்யா. எந்தப் பிளாக்?"

"தெரியல."

"கதவு என்ன கலர்?"

"தெரியலடி. சீமைமாதுளை வேகற வாசனை வந்தது. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"அக்டோபர்ல ஊர் முழுக்கவே ஜாம் கிண்ட சீமைமாதுளைதான் வேகும். கதவு?"

"கதவு ஞாபகம் இல்ல. அதுதான் பயமா இருக்கு, மின்கா. கதவு ஞாபகம் இல்லாம எனக்கு இருந்ததே கிடையாது."

ஒரு வாரம் அப்படியே போனது. கடையைத் திறக்கவே நேரமில்லை. படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கினார். பிப்ரவரியில், மாடி மாடியாக நின்று சீமைமாதுளை வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கிற மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தெரியாத வீடுகளில் மணி அடித்தார். ஒருத்தி துடைப்பத்தோடு வந்தாள், ஒருத்தர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க. இப்போது யாரோ உள்ளே கிடக்கிறார்கள், வெளியே ஒரு பிள்ளை சாவியை வைத்துக்கொண்டு தள்ளுகிறது, "திறக்கும்னு சொன்னாரே" என்கிறது. அவர் காதில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கும்தான் ஓடியது. ஆனால் நான் கவலைப்பட்டால் வாய்தான் நீளும்.

"உன் மண்டைக்குள்ளயும் வார்ப்புத் துண்டுதான் போட்டிருக்காங்க போல. உதிர்ந்து போச்சு!" என்றேன் ஒருநாள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் பிறந்தது. எல்லோர் மணிக்கட்டிலும் வசந்தத்துக்காகக் கட்டுகிற சிவப்பு வெள்ளை நூல். இவர் ஒரு யோசனையோடு வந்தார். என்னிடம் பூட்டு போட்டவர்கள் கடைக்கு வந்து சொல்லுங்கள் என்று எல்லாக் கட்டட வாசலிலும் அறிவிப்பு ஒட்டப் போகிறாராம். பெயர் போட்டால் யாருக்கும் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும், அதனால் போட்டோவும் போட வேண்டுமாம். அடையாள அட்டைக்கு எடுத்த, முறைத்துப் பார்க்கிற ஒரு படம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அச்சுக் கடை ஸ்நெஷாவிடம் போனார். ஐம்பது காகிதம். அன்று மதியத்துக்குள் எல்லா வாசலிலும் ஒட்டிவிட்டு வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது ரொட்டிக் கடைக்காரி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும், மின்கா! நேத்துதானே பார்த்தேன்! எப்படி? நெஞ்சா?"

"யாரை மன்னிக்கணும்?"

எங்கள் பக்கம் செத்தவர்களைத்தான் அப்படிச் சொல்வது. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். மருந்துக் கடையிலிருந்து ஆள் வந்தது. அதன் பின்னால் ஹரலாம்பி, இரண்டு வெள்ளைப் பூவோடு. எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில் பூ கொடுப்போம், செத்தவர்களுக்கு இரட்டைப்படையில். அந்த இரண்டு பூவைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பக்கத்துக் கட்டட வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

எங்கள் வாசல்கள் எல்லாவற்றிலும் இறந்தவர்களின் காகிதங்கள் ஒட்டியிருக்கும். கறுப்புக் கட்டம், மேலே போட்டோ, கீழே பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. செத்தவுடன் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஸ்நெஷாவின் கடையில் பத்தில் எட்டு வேலை அதுதான். போட்டோவும் பெயரும் கொடுத்ததும் அவள் கை பழக்கத்தில் அதே கட்டத்தைப் போட்டிருக்கிறாள். அதற்குள் என் வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார். பெயர் கொட்டை எழுத்தில். பூட்டைப் பற்றிய விஷயமெல்லாம் கீழே எறும்பு எழுத்தில். கண்ணாடி போடாத எந்தக் கிழம் அதைப் படிக்கும்?

"இதை ஒட்டினது நீதானே? ஐம்பது தடவை பார்த்தியே, கண்ணு எங்கய்யா இருந்தது?"

"கதவைத்தான் பார்த்தேன்," என்றார். "பசை ஒட்டுதான்னு."

கிழித்துப் போடலாம் என்றேன். "வேணாம். ஒருத்தராவது கீழ படிப்பாங்க" என்றார். மூன்று நாள் நான் கூண்டுக்குள் உட்கார்ந்து என் விதவைக் கோலத்தை அனுபவித்தேன். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். "கடவுள் மன்னிக்கட்டும், நான் மன்னிக்க மாட்டேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இருபத்து நான்காவது கதவைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மறுபடி நின்றுகொண்டே காப்பி குடிக்க ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். அவர் ஏதோ ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். கடைக்கு ஒரு வயதான பெண் வந்தாள். நெட்டையான ஆள். இடது கையில் மாவுக்கட்டு, கட்டுக்கு மேலே சிவப்பு வெள்ளை நூல். வலது கையில் நாலு கார்னேஷன் பூவும், சர்க்கரை தூவி வேகவைத்த கோதுமை ஒரு டப்பாவும். செத்தவர்களுக்காகக் கொடுக்கிற கோதுமை.

"அம்மா, அவர் சாகல, அது ஒரு..." என்று ஆரம்பித்தேன், சலித்துப்போய்.

அவள் கேட்கவே இல்லை. என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நீதான் அவர் சம்சாரமா? அப்ப நீ பொழைச்சிட்டியா!"

"எதுலேர்ந்து?"

"ஆபரேஷன்லேர்ந்துதான். உன்னை உள்ள வச்சிருந்தாங்களே, அக்டோபர்ல. பாவம், உன்னைப் பொழைக்க வச்சிட்டு அவர் போயிட்டாரு."

அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். பெயர் எவ்தோக்கியாவாம். இருபத்தாறு வருடம் டிராலிபஸ் ஓட்டினவள். குடியிருப்பின் மறுகோடியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வீடு.

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்டியம்மா. கீழ பெஞ்சில ஒரு மனுஷன், பையை மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தாரு. பையில கருவி எல்லாம் நீட்டிக்கிட்டிருந்தது. ஏன்யா அழறேன்னு மேலேர்ந்து கத்தினேன். பொண்டாட்டி கத்திக்குக் கீழ இருக்கா, உள்ள விட மாட்டேங்கறாங்க, பன்னெண்டு மணிக்கு மேலதான் சொல்லுவாங்களாம்ன்னாரு. கை சும்மா இருந்தா ஆளு பைத்தியமாயிடும் போல இருந்தது. மேல வாய்யா, என் பூட்டு கெட்டுப் போச்சுன்னேன்."

"கெட்டுப் போயிருந்ததா?"

"எங்க கெட்டுது? நல்லாத்தான் இருந்தது. ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து உக்கார வைக்கணுமே. பையிலேர்ந்து ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்தாரு. திருகாணியை மூணு தடவை கீழ போட்டாரு. சீமைமாதுளை கிண்டிக்கிட்டிருந்தேன். ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில வச்சுக்கிட்டு அதுக்கும் அழுதாரு."

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது இவர் பக்கத்தில் நின்று, "சூப்பு குடிக்கலாமாம், உப்பு போடாம" என்று மட்டும்தான் சொன்னார். பெஞ்சையும் சொல்லவில்லை, அழுததையும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு கதவை அவர் மறந்திருக்கிறார். அன்றைக்கு அவர் கதவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மண்டையைத்தான் நான் வார்ப்புத் துண்டு என்று சொன்னேன். என் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்புறம்தான் எனக்குப் பூட்டு ஞாபகம் வந்தது. "அம்மா, அந்தப் பூட்டு! உள்ள சாவியை வச்சுப் பூட்டாதீங்க!"

"பூட்டறதே இல்லையே இப்ப. வாசல்ல அவர் காகிதத்தைப் பார்த்தேன். பூட்டு மேஸ்திரியே போயிட்டாரு, இனிமே மாட்டிக்கிட்டா யார் வந்து திறப்பான்னு பயம் வந்துடுச்சு. அன்னிலேர்ந்து சும்மா சாத்தி வச்சுக்கிறேன். அதுவும் நல்லதாப் போச்சு. சனிக்கிழமை ஜாடி எடுக்க நாற்காலி மேல ஏறி விழுந்தேன், எந்திரிக்க முடியல. எதிர்வீட்டுக்காரி சத்தம் கேட்டு, கதவைத் தள்ளிக்கிட்டு வந்துட்டா. அதனாலதான் துக்கத்துக்கு வர இவ்வளவு நாளாச்சு, தப்பா நினைச்சுக்காதே."

அந்த நேரம் பார்த்து சப்ரியான் கூண்டுக்குள் தலையை நீட்டினார். எவ்தோக்கியா பூக்களைக் கீழே போட்டாள், சிலுவை போட்டாள், பிறகு நல்ல கையால் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

"கோதுமையை ராத்திரியே ஊறப் போட்டேன்டா பாவி!"

மூன்று பேரும் போனோம். நாலாவது மாடி, பழுப்புக் கதவு. சும்மாதான் சாத்தியிருந்தது. இவர் வாசலில் நின்று கதவையே பார்த்தார். அப்போதும் ஞாபகம் வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உள்ளே சாவியைத் தொங்கவிட்டு, வெளியிலிருந்து இன்னொன்றைப் போட்டார். முதல் தடவையே போகவில்லை. மறுபடி போட்டார். இருபது தடவை போட்டார். ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்தத் துண்டு எப்போதோ, குளிர் காலத்திலேயே உதிர்ந்துவிட்டிருக்கிறது. அவளும் சனிக்கிழமை வழக்கம்போல் பூட்டியிருந்தால், எதிர்வீட்டுக்காரி வெளியே நின்று சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உன் மண்டையைப் பத்திச் சொன்னது தப்புய்யா."

"என்ன சொன்னே?"

"அதுவும் ஞாபகம் இல்லையா?"

"நீ சொல்றதை எல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டா எனக்குக் கதவுக்கு இடம் ஏது?" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

மேசையில் இருநூறு தடவை திருப்பிப் பார்த்த சிலிண்டரைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு சாவி போட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, பத்து தடவை திறந்து காட்டினார். எவ்தோக்கியா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி ரசித்தாள்.

"பிரமாதமா இருக்கு. ஆனா பூட்ட மாட்டேன்."

"ஏம்மா? இது நல்ல சரக்கு. நானே பிரிச்சுப் பார்த்தேன்."

"சரக்கு நல்லதுதான். நீ மறுபடியும் செத்துட்டா?"

முப்பத்தோரு வருடம் ஊரையே பூட்டிக் கொடுத்த மனிதர், கடைசியில் பையை மூடிக்கொண்டு, "சரி, எதிர்வீட்டுக்காரிகிட்டயாவது சொல்லி வைங்க" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் கீழே கிடந்த நாலு கார்னேஷனையும் பொறுக்கினேன். மூன்றை டம்ளரில் தண்ணீர் விட்டு சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மிச்சம் இருந்த ஒன்றை, சாயங்காலம் எவ்தோக்கியாவிடம் கோதுமை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போனேன். மணி அடிக்கத் தேவை இருக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.